வெள்ளத்துக்குப் பின் வந்த மறதி: ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?

"அல்சைமருக்கு இப்ப ரத்தப் பரிசோதனை வந்துட்டாமே, அத்தைக்கு எழுதித் தாங்க டாக்டர்." பாளையங்கோட்டையில் மனநல மருத்துவம் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கோரிக்கை. அப்படி வருபவர்களில் சிலர் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளத்தில் மாட்டியவர்கள். அவர்களுக்கு நான் எடுத்த எடுப்பில் எழுதிக் கொடுப்பதில்லை.

வண்ணார்பேட்டைப் பக்கத்திலிருந்து மருமகளோடு வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). "அடுப்புல பால வச்சிட்டு மறந்துடுதாங்க. சாவிய எங்க வச்சோம்னு தெரிய மாட்டேங்கு" என்றார் மருமகள். மழை பிடித்தால் அந்த அம்மா தூங்குவதில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் சாக்கடைக்கும் நடப்பார். ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் பாலிதீன் பையில் கட்டிப் பரண் மேல் கிடக்கின்றன; அந்த இடம் மட்டும் மறக்கவே மறக்காது. தண்ணீர் எத்தனை மணிக்கு எந்தப் படியைத் தொட்டது என்று இன்றைக்கும் பிசகாமல் சொல்கிறார்.

மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னேன்: வேம்பு, சாவி, மணி. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஒன்றும் வரவில்லை. "ஒண்ணு மரம்" என்றதும் "வேம்பு" என்றார். சாவியும் அப்படியே வந்தது. அல்சைமரில் பெரும்பாலும் குறிப்புக் கொடுத்தாலும் பலன் இருக்காது, சொல் மனதில் பதிந்தே இருக்காது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறில், அதாவது பி.டி.எஸ்.டி.யில், கவனமெல்லாம் ஆபத்தைக் காவல் காப்பதிலேயே போய்விடுகிறது; பதிந்த சொல்லும் குறிப்புக் கொடுத்தால்தான் வரும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அதற்காக இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. 55 வயதைத் தாண்டிய சுமார் 1.8 லட்சம் அமெரிக்க முன்னாள் படைவீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010இல் வெளியானது. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் ஏழு ஆண்டுகளில் 10.6 சதவீதம் பேருக்கு மறதிநோய் வந்தது, மற்றவர்களில் 6.6. அப்படியானால் அவர்கள் மூளையில் அல்சைமரின் அமிலாய்டும் டாவ் புரதமும் கூடுதலாகப் படிந்திருக்க வேண்டுமே? வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் அப்படித் தெரியவில்லை. தூக்கக் கேடு, ரத்த அழுத்தம், சர்க்கரை, குடி, வீட்டோடு முடங்கிக் கிடப்பது என வேறு வழிகளில் மூளை பலவீனப்படலாம் என்பதே என் கணிப்பு. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி பி.டி.எஸ்.டி. உள்ளவர்களுக்குச் சிறுத்திருக்கும் என்பார்கள். ஆனால் 2002இல் வெளியான இரட்டையர் ஆய்வில், போருக்கே போகாத உடன்பிறப்புக்கும் அது சிறியதாகவே இருந்தது. ஆக, அதிர்ச்சிதான் சுருக்கியது என்று எல்லோர் விஷயத்திலும் சொல்ல முடியாது.

சரி, அந்த ரத்தப் பரிசோதனை? ரத்தத்தில் பி-டாவ்217 (டாவ் புரதத்தின் ஒரு வடிவம்), அமிலாய்டு இரண்டின் விகிதத்தைப் பார்க்கும் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் அறிகுறி உள்ள, 55 வயதைக் கடந்தவர்களுக்கு, நிபுணர் பார்வையில். மூளையில் அமிலாய்டு இருக்க வாய்ப்பு உண்டா என்பதைத்தான் அது சொல்லும். வெள்ளப் பயத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு பி-டாவ் அளவு தானாகவே ஏறும்; சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் மலிந்த நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. நரம்புச் சேதத்தைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் என்ற இன்னொரு ரத்தக் குறியீடு வயது கூடினாலும் ஏறும், பக்கவாதம் வந்தாலும் ஏறும்.

அதனால் முதலில் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை. குறட்டை உண்டா என்று கேட்பேன். அப்புறம் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்ப்பேன். அந்த அம்மாவின் பையில் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிய தூக்க மாத்திரை இருந்தது. நினைவை மழுங்கடிக்க அதுவே போதும். திடீரென நிறுத்தினால் ஆபத்து என்பதால் மெல்ல மெல்லக் குறைத்தோம். அதிர்ச்சிக்கான பேச்சு சிகிச்சையும் நடந்தது. ஆறு மாதம் கழித்து அதே பரிசோதனையில் மூன்றில் இரண்டு சொல் தானாக வந்தது. மழை இரவுப் பயம் இன்னும் முழுசாக விடவில்லை.

தெரிந்த தெருவில் வழி தவறினால், சில்லறைக் கணக்குக் குழம்பினால், தினமும் வைக்கிற குழம்பின் பக்குவமே மறந்தால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அப்போது இந்த ரத்தப் பரிசோதனைக்கும் வேலை இருக்கலாம். மழை என்றாலே தூக்கம் போகிறவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.