ஈறில் கசியும் இரத்தமும் உடலில் குறையும் சத்தும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல் என்றாலே பேச்சு ஃபுளோரைடில்தான் போய் நிற்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, பல் உருவாகும் வயதிலேயே எனாமல் கெட்டுப் பழுப்புக் கறை நிலைத்துவிடுகிறது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுவும் முக்கியக் காரணம். ஆனால் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிவதையும் அந்தத் தண்ணீரின் மேலேயே போடுவது சரியாகாது. ஈறு நோய் என்பது எனாமலில் அல்ல, பல்லைத் தாங்கும் சதையிலும் எலும்பிலும் நடப்பது.

அதைத் தொடங்கிவைப்பது ஈறு விளிம்பில் படியும் பாக்டீரியாப் படலம். அந்தத் தாக்குதலை உடல் எவ்வளவு தாங்கும், சிதைந்த திசுவை எவ்வளவு விரைவாகச் செப்பனிடும் என்பதில்தான் சத்துகளின் பங்கு இருக்கிறது. பல் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நார்கள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்ற அந்தப் புரதம் உறுதிப்பட வேண்டுமானால், அதிலுள்ள புரோலின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களில் சில மாற்றங்களை நொதிகள் செய்தாக வேண்டும். அந்த நொதிகளில் உள்ள இரும்பு செயலிழக்காமல் காப்பது வைட்டமின் சி. இந்த நார்கள் இடைவிடாமல் சிதைந்து புதுப்பிக்கப்படுபவை என்பதால், வைட்டமின் சி கடுமையாகக் குறைந்தால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி, இரத்தம் வடிந்து, பல்லும் ஆட்டங்காண்கிறது.

எலும்புக்குக் கால்சியம் வேண்டும். நம் பகுதிக் கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தானியத்தில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் பிடித்துவைத்துக்கொள்ளும், முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். குடல் கால்சியத்தை நன்றாக உறிஞ்ச வைட்டமின் டி தேவை. வெள்ளை அணுக்களின் வேலைக்குத் துத்தநாகமும் வேண்டும்.

இரத்தத்தில் வைட்டமின் சி குறைந்தவர்களிடம் ஈறு நோய் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருப்பினும் எது காரணம், எது விளைவு என்பதை இதிலிருந்து மட்டும் முடிவு செய்ய இயலாது. பல் ஆடுபவர் கொய்யாவைக் கடிக்கத் தயங்குவார், நாட்பட்ட அழற்சியும் வைட்டமின் சியைச் செலவழிக்கும். மேலும், இறுகிப்போன பற்காரையை எந்த மாத்திரையும் கரைக்காது, பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

பீடி புகைப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புகை உடலிலுள்ள வைட்டமின் சியைக் குறைப்பதோடு ஈறின் இரத்தக் கசிவையும் மட்டுப்படுத்துவதால், நோய் முற்றியவருக்கும் துலக்கும்போது இரத்தம் தென்படாமல் போகலாம்.