ரெசிலியன்ஸ்: மீள்திறனா, தாங்குதிறனா, தேறுதலா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் குடியாத்தத்தில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேரன் கணக்கில் ஃபெயில் ஆகிவிட்டான். காலையிலிருந்து சாப்பிடவில்லை. மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். "இதுக்குப் போயி இன்னாத்துக்கு இப்படிச் சுருண்டுக்கினு கெடக்கறான்? எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தார் பெரியப்பா. அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டு முடித்தார்: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ரெசிலியன்ஸே கெடையாதுப்பா."

இந்தச் சொல் இப்போது எங்கும் காதில் விழுகிறது. கம்பெனிப் பயிற்சி வகுப்பில், பேரிடர் மேலாண்மைக் கூட்டத்தில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார். தமிழில் எழுதுகிறவர்கள் மீள்திறன், தாங்குதிறன், நெகிழ்திறன், மீண்டெழும் ஆற்றல் என்று ஆளுக்கொன்றாகப் போடுகிறார்கள். நாலும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றில்லை. பெரியப்பாவின் புகார் சரியா தப்பா என்பதே எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மூலம் லத்தீன். 'ரெசிலிரே' என்றால் பின்னோக்கித் துள்ளுவது. 'ரெ' திரும்ப, 'சலிரே' குதிப்பது. ரிசல்ட் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். பெரியப்பா புலம்பிய ரிசல்ட்டும் ரெசிலியன்ஸும் ஒரு வீட்டுப் பங்காளிகள்! 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் எதிரொலியைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஒலி சுவரில் மோதித் திரும்பி வருகிறதல்லவா, அது. 19-ஆம் நூற்றாண்டில் பொறியாளர்கள் மரத்துக்கும் இரும்புக்கும் இதைக் கொண்டுபோனார்கள். 1973-இல் ஹோலிங் என்ற சூழலியல் அறிஞர் காட்டுக்கும் ஏரிக்கும் பொருத்தினார். மனிதர்களின் மனத்துக்கு இந்தச் சொல் பரவலாக வந்தது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

இதில் இரும்பு சொல்லும் பொருள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலூரில் சத்துவாச்சாரி பக்கம் பைபாஸ் ஓரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் போன மாதம் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் சாய்ந்து நின்ற லாரியின் கமான் பட்டையை, அதாவது பாரம் தாங்கும் ஸ்பிரிங்கை, கழற்றிப் போட்டிருந்தார்கள். கமான் என்றால் உருதில் வில். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் உருதும் தமிழும் ஒரே தட்டில் சாப்பிடும். நீளம் நீளமான பட்டைகள், பெரியது மேலே, சின்னது கீழே என்று அடுக்கி நடுவில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தன. எது உடைந்தது என்று கேட்டேன். மேஸ்திரி ஒரு பட்டையைத் தரையில் வைத்துக் காலால் உருட்டிக் காட்டினார். "ஒண்ணும் உடையல சார். உக்காந்துடுச்சு."

உட்கார்ந்துவிட்டது. அதாவது பாரத்தைத் தாங்கியது, உடையவில்லை. ஆனால் பாரம் இறங்கிய பிறகும் பழைய வளைவு திரும்பவில்லை. பொறியியலில் இவை இரண்டும் வேறு வேறு கணக்கு. வளைந்தும் நெளிந்துமாவது உடையாமல் எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று. அதுதான் தாங்குதிறன், ஆங்கிலத்தில் டஃப்னெஸ். ஏறிய பாரத்தின் சக்தியை வாங்கி வைத்திருந்து, இறங்கியதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வடிவத்துக்கு வருவது இன்னொன்று. ரெசிலியன்ஸ் இந்த இரண்டாவதுதான். ஆகவே தாங்குதிறன் என்ற மொழிபெயர்ப்பைக் கழித்துவிடலாம்.

நெகிழ்திறன் அதைவிட மோசம். நெகிழ்தல் என்றால் தளர்வது, இளகுவது. சங்கப் பாட்டில் தலைவிக்கு வளை நெகிழ்கிறது என்றால் அவள் பிரிவில் இளைத்துப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று பொருள். மீண்டு வருவதற்கு நேர் எதிர்த் திசை.

மீண்டெழும் ஆற்றலும் மீள் என்ற வினையில் பிறந்ததுதான், கொஞ்சம் நீளம். மீதி இருப்பது மீள்திறன். இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். மீள் என்ற வினையில் திரும்பி வருவது இருக்கிறது, ஆபத்திலிருந்து தப்புவது இருக்கிறது. அதன் பிறவினை மீட்டல். அடகு வைத்த நகையை மீட்கிறோம். மீட்க முடியாமல் கெடு தாண்டினால் நகை 'மூழ்கிப் போச்சு' என்கிறோம். தண்ணீருக்கும் சேட்டுக் கடைக்கும் ஒரே சொல்!

பெரியப்பாவின் புகாருக்கு வருகிறேன். முன்னோர் தாங்கினார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டையும் விடவில்லை. 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது. அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். ஆனால் எங்க காலத்துல என்று சொல்ல மிஞ்சியிருப்பவர்கள் தப்பித்தவர்களின் பிள்ளைகள். பஞ்சத்தில் போனவர்கள் யாரும் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதில்லை. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவுதான். இன்று 70-ஐ ஒட்டி இருக்கிறது. தப்பித்தவர்களிலும் எத்தனை பேர் உட்கார்ந்து போன பட்டைகள்? சாயங்காலம் ஆனால் பாட்டிலைத் தேடிய தாத்தாக்கள், நாலு குழந்தையைப் புதைத்துவிட்டு அதைப் பற்றி வாயே திறக்காத ஆயாக்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். அவர்களைத் திடமானவர்கள் என்று சொல்லிவிட்டோம். கேட்டுப் பார்த்தவர் யார்?

சரி, மீள்திறன் எழுத்துக்கு நல்ல சொல். ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காய்ச்சலில் கிடந்தவன் எழுந்தால் "தேறிட்டான்". வியாபாரத்தில் அடிபட்டவன் நிமிர்ந்தால் "தேறி வந்துட்டான்". பரீட்சையில் பாஸானாலும் தேறினான்தான். மனிதர்களைப் பொறுத்தவரை தேறுதலைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இது தெளிதலுக்கு உறவு. கலங்கல் தண்ணீர் தெளிவதற்குத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்ப்பார்கள். ஆற்றுத் தண்ணீரை அதில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மண் அடியில் படியும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அவசரப்பட்டுக் கலக்கினால் மறுபடி முதலிலிருந்து.

கொட்டையின் பெயரைக் கவனியுங்கள்: தேற்றும் கொட்டை. தேறு என்றால் தானாக, தேற்று என்றால் இன்னொருவர் செய்ய. மீள், மீட்டல் போலத்தான். ஆறு, ஆற்று என்பதும் அப்படியே. எழு, எழுப்பு. விழுந்தவர் எழுவதற்குத் தமிழில் உள்ள சொற்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இப்படி ஒரு பிறவினை நிற்கிறது. லத்தீன் சொல்லில் பொருள் தானே துள்ளித் தானே திரும்புகிறது. அதனால்தான் ரெசிலியன்ஸ் என்று பேசும்போதெல்லாம் பழி விழுந்தவன் தலையிலேயே விழுகிறது.

ஆராய்ச்சியும் இந்தப் பிறவினையைத்தான் காட்டியது. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் எனப் பல இடர்களோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறி வந்தார்கள். அவர்களிடம் அடிக்கடி காணப்பட்ட அம்சங்களில் ஒன்று, நம்பிக்கையாக ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தது. பாட்டியோ, வாத்தியாரோ, பக்கத்து வீட்டுக்காரரோ.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அதற்கான துறைக்கே தலைமை ஏற்றார். பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு மையம் வந்தது, 1972-இல் பத்மஸ்ரீயும் வந்தது. அவருடைய மனத்திடத்தைப் புகழாதவர் இல்லை. உட்கார்ந்தே கத்தி பிடிக்கலாம் என்று அவரைத் தூண்டி, அதற்கு வழிகாட்டிய சி.எம்.சி. அறுவை மருத்துவர் பால் பிராண்டை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒருவர் தேறினார், ஒருவர் தேற்றினார்.

இதையெல்லாம் அன்று திண்ணையில் நான் சொல்லவில்லை. சொன்னால் பெரியப்பா எழுந்து போயிருப்பார். ஒன்று மட்டும் கேட்டேன்.

"நீங்க எஸ்.எஸ்.எல்.சி. ஒரே தடவையில தேறினீங்களா பெரியப்பா?"

தெருவைப் பார்த்தார். "இங்கிலீஷ்ல பூட்டுச்சு. செப்டம்பர்ல எழுதித்தான் பாஸானேன். வேலூர்ல டுடோரியல். தினம் பஸ்ல போயி வருவேன்."

"பணம்?"

"எங்கம்மா கம்மல வச்சாங்க."

"அப்புறம் மீட்டீங்களா?"

"எங்க மீட்டறது. மூழ்கிப் பூடுச்சு." கொஞ்ச நேரம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "கடைசி வரைக்கும் வேப்பங்குச்சிதான் சொருவிக்கினு இருந்தாங்க காதுல."

அப்புறம் உள்பக்கம் திரும்பி, இட்லி மீந்திருக்கிறதா என்று குரல் கொடுத்தார்.