லேட்டாகப் பிடிக்கும் எஞ்சின்: பழைய இன்ஜெக்‌ஷன் காரில் எங்கே தேடுவது?

நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் சாவியைத் திருப்பிய ஒன்றிரண்டு விநாடியில் பிடித்துவிட வேண்டும். ஆறு, எட்டு விநாடி செல்ஃப் சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது, பிடித்த பிறகு எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது என்றால் அதுவே ஒரு தடயம். பெட்ரோல், தீப்பொறி, காற்று, கம்ப்ரஷன் நான்கும் எஞ்சினில் இருக்கின்றன. ஏதோ ஒன்று லேட்டாக வந்து சேர்கிறது. எது என்பதுதான் கேள்வி.

பிளக்கை மாற்று, ஃபில்டரை மாற்று, பம்பை மாற்று என்று பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எழுதி வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற பிறகு லேட்டாகிறதா? நன்றாக ஓடி, நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து எடுக்கும்போதா? நிறுத்திய கையோடு திரும்ப அடித்தால் உடனே பிடிக்கிறதா? பெட்ரோல் போட்டு வந்த உடனே மட்டும் தகராறு செய்கிறதா? பாதி வேலை இந்தப் பதில்களிலேயே முடிந்துவிடும்.

முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டுத் தீர்த்துக்கொள்வது நல்லது. சில மணி நேரம் சும்மா நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி சரியாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் எர்த் வயரைப் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரோ அதன் போல்ட்டோ துருப்பிடித்திருக்கிறது.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பெட்ரோல் பிரஷர். பழைய கார்களில் பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் இருக்கிறது.

எஞ்சினின் மேலே இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலில், மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் உள்ள பல பழைய கார்களில் ஏறக்குறைய 2.5 முதல் 3 பார் வரை பிரஷர் இருக்கும். துல்லியமான எண் அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எஞ்சினை அணைத்ததும் இந்தப் பிரஷர் உடனே போய்விடக் கூடாது. பம்புக்குள் இருக்கும் ஒரு சிறிய ஒருவழி வால்வு, பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிவிடாமல் பிடித்து வைக்கிறது. அந்த வால்வு தேய்ந்தால் ராத்திரிக்குள் லைன் காலியாகிவிடும். காலையில் பம்ப் டேங்கிலிருந்து ரெயில் வரை மறுபடி நிரப்பி, பிரஷரும் ஏற்றிய பிறகுதான் இன்ஜெக்டர் சரியாகப் பீச்சும். அதுவரை செல்ஃப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

இதைக் காசில்லாமல் சோதிக்கலாம். சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பின் சீட் பக்கமிருந்து பம்ப் சுமார் இரண்டு விநாடி ‘ம்ம்’ என்று ஓடி நிற்கும். சாவியை முழுக்க ஆஃப் செய்து, பத்து விநாடி விட்டு, மறுபடி ஆன். இப்படி மூன்று முறை செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். தொட்டவுடன் பிடித்தால் பிரஷர் கசிகிறது என்று கிட்டத்தட்ட உறுதி. ஒரு விதிவிலக்கு உண்டு: 1970களில் வந்த பாஷ் எல்-ஜெட்ரானிக் வகைக் கார்கள் பலவற்றில், செல்ஃப் சுற்றினாலோ காற்று அளக்கும் மடல் அசைந்தாலோதான் பம்ப் ஓடும். அவற்றில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க பிரஷர் கேஜ் வேண்டும். அதை மாட்டும் முன் லைனில் இருக்கும் பிரஷரை இறக்குங்கள். பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் தானாக அணையும், பிறகு ஓரிரு விநாடி செல்ஃப் அடித்தால் போதும். எஞ்சின் ஆறியிருக்கட்டும், இணைப்பின் மேல் துணி போட்டுப் பிடியுங்கள், பக்கத்தில் நெருப்போ பொறியோ வேண்டாம். கேஜை மாட்டி, ஃபியூஸைத் திரும்பப் போட்டு, பிரஷரை ஏற்றி, பம்ப் நின்றதும் முள்ளைப் பாருங்கள். சட்டென்று விழுந்தால் மறுபடி ஏற்றி, பம்ப் நின்றதும் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸைக் கிளாம்பால் நசுக்குங்கள். முள் நின்றுவிட்டால், ரெயிலின் பிரஷரைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரில் கசிவு. நிற்காவிட்டால் கிளாம்பை எடுத்துவிட்டு, இதேபோல் பம்பிலிருந்து வரும் ஹோஸை நசுக்குங்கள். இப்போது நின்றால் பம்பின் ஒருவழி வால்வு. இரண்டையும் நசுக்கியும் விழுகிறதென்றால், வெளியே எங்கும் ஈரம் இல்லாதபட்சத்தில், இன்ஜெக்டர்தான். பிளாஸ்டிக் லைனை மட்டும் ஒருபோதும் நசுக்காதீர்கள், உடைந்துவிடும்.

ரெகுலேட்டரின் தலையிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் மெல்லிய வேக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்தும் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் தெரிந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கிறது. அந்த ஹோஸ் வழியாக எஞ்சின் அளவில்லாமல் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும். இதைப் பார்க்க அரை நிமிடம் போதும், ஆனால் பலர் இதை விட்டுவிட்டுப் பம்பை மாற்றுகிறார்கள்.

சூட்டில் மட்டும் வரும் தகராறுக்கு இதே பிரஷர்தான் அடிப்படை, கதை மட்டும் வேறு. பெட்ரோலின் லேசான கூறுகள் சாதாரணக் காற்றழுத்தத்தில் 35-40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். 3 பார் அழுத்தத்தில் அந்தக் கொதிநிலை பல பத்து டிகிரி மேலே போகிறது, அதனால் ஓடும்போது பிரச்சினை இல்லை. எஞ்சினை அணைத்ததும் கூலன்ட் நிற்கிறது, காற்றோட்டமும் நிற்கிறது. எஞ்சினில் தேங்கிய சூடு மேலே ஏறி, பானெட்டுக்குள் முதல் இருபது நிமிடம் வெப்பம் குறைவதற்குப் பதில் கூடும். அந்த நேரத்தில் லைனில் பிரஷரும் இல்லாவிட்டால் ரெயிலுக்குள் பெட்ரோல் ஆவிக் குமிழ்களாகிறது. இன்ஜெக்டர் வழக்கமான நேரம் திறந்தாலும் திரவத்துக்குப் பதில் ஆவிதான் வரும், கலவை நீர்த்துப்போகும். நிறுத்திய கையோடு அடித்தால் பிடிக்கும், ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மக்கர் பண்ணும் கார்களின் ரகசியம் பல நேரம் இதுதான்.

அதே இருபது நிமிடத்தில் இதற்கு நேர் எதிரான கோளாறும் வரலாம். இன்ஜெக்டர் சொட்டினால் மேனிஃபோல்டில் பெட்ரோல் தேங்கிக் கலவை கெட்டியாகிவிடும். பெட்ரோல் வாடை அடிக்கும், பிடிக்கும்போது கறுப்புப் புகை ஒரு முறை குப்பென்று வரும், பிளக் கறுத்து நனைந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். பல ஈசியுக்கள் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்கள்) அந்த நிலையில் இன்ஜெக்டரை மூடி வைத்து, காற்றை மட்டும் விட்டு எஞ்சினைக் காயவைக்கும். அப்படிப் பிடித்தால் பெட்ரோல் கூடுதல். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் மட்டும் மிதித்தால் பிடிக்கிறது என்றால் அது வேறு விஷயம்: ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது காற்று விடும் ஐடில் வால்வில் கரி பிடித்து காற்று போகும் வழி அடைத்திருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். பெட்ரோல் போட்ட உடனே மட்டும் லேட்டானால், டேங்கின் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றிருக்கலாம்.

செல்ஃப் சுற்றும்போது பெட்ரோல் எவ்வளவு என்பதை ஈசியு முடிவு செய்வது முக்கியமாகக் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை நம்பித்தான். குளிர்ந்த உலோகச் சுவரில் பெட்ரோல் ஆவியாகாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், குளிர் எஞ்சினுக்குப் பல மடங்கு கூடுதலாகப் பீச்ச வேண்டும். சென்சார் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. பாஷ் சென்சார் என்றால் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓமுக்குச் சற்று மேல். கனெக்டரில் களிம்பு பிடித்து ரெசிஸ்டன்ஸ் கூடினால், கொதிக்கும் எஞ்சினைக் குளிர்ந்தது என்று ஈசியு நம்பி வெள்ளமாகப் பீச்சும்: காலையில் சமத்தாகப் பிடிக்கும், சூட்டில் அடம்பிடிக்கும். சென்சார் ரெசிஸ்டன்ஸைக் குறைவாகக் காட்டினால் காலையில் அடம்பிடிக்கும். ‘மீட்டரில் டெம்பரேச்சர் சரியாகத்தானே காட்டுகிறது’ என்ற வாதம் பல பழைய கார்களில் செல்லாது. மீட்டருக்கு ஒரு சென்சார், ஈசியுவுக்கு வேறொன்று. கழற்றி, வெந்நீரில் தெர்மாமீட்டரோடு முக்கி ஓம் அளந்தால் சந்தேகம் தீர்ந்தது.

பிரஷரும் சரி, சென்சாரும் சரி, இருந்தும் லேட் என்றால், எஞ்சின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். பழைய காந்தச் சுருள் வகையில், பல் சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்றபடிதான் வோல்ட் எழும். செல்ஃப் சுற்றும் 200 ஆர்பிஎம் சுமாரில் சிக்னல் ஏற்கெனவே பலவீனம். நுனியில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலோ இடைவெளி கூடியிருந்தாலோ ஈசியுவுக்கு அது எட்டாது. சிக்னல் இல்லாதவரை தீப்பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் லேசாகக்கூடத் துடிக்காமல் கிடந்தால் பல கார்களில் அது இதற்கான அடையாளம். சூட்டில் மட்டும் சுருள் அறுந்துபோகும் சென்சார்களும் உண்டு. ஈரத்துணி வைத்துக் குளிர்வித்ததும் பிடித்தால் சென்சாரை மாற்றிவிடுங்கள்.

சாவியை ஆன் செய்ததும் பம்ப் ஓடும் சத்தமே வராவிட்டால், அதற்குக் கரண்ட் விடும் பம்ப் ரிலேதான் அடுத்த சந்தேகம். பல வருடச் சூட்டில் உள்ளே சால்டர் விரிசல் விடும். 1980, 90களின் சில ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இது ஒரு வேடிக்கையான வடிவம் எடுக்கிறது. அவற்றில் பம்புக்கு ரிலே வழியாக மட்டுமன்றி ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகவும் கரண்ட் போகும். ரிலே செத்தால் கார் நிற்காது. செல்ஃப் சுற்றிச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறி ஸ்விட்ச் மூடிய பிறகு பம்ப் ஓடும், எஞ்சின் பிடிக்கும். மாதக்கணக்கில் வண்டியை இப்படியே ஓட்டுபவர்கள் உண்டு.

பம்ப் நல்ல பிரஷர் தந்து ஒருவழி வால்வு மட்டும் போயிருந்தால் அவசரமில்லை. சாவியை ஆன் செய்து இரண்டு விநாடி பொறுத்து அடித்தே காலம் தள்ளலாம். இன்ஜெக்‌ஷன் பிரஷரைத் தாங்கும் தனி வால்வு ஒன்றை லைனில் வைத்தும் சரிசெய்யலாம். சொட்டும் இன்ஜெக்டருக்கும் கிழிந்த ரெகுலேட்டருக்கும் இந்தச் சலுகை கிடையாது. அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, கசிவை அடைத்து ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே வண்டியை எடுங்கள்.