சாவி வாங்கும் முன் பாத்ரூமில் தண்ணீர் தேக்கிப் பாருங்கள்

புது ஃபிளாட்டைப் பார்க்க வருபவர்கள் டைல்ஸையும் கிச்சனையும்தான் உற்றுப் பார்க்கிறார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா, ஃபிளஷ் வேலை செய்கிறதா, அதோடு பிளம்பிங் சோதனை முடிந்துவிடுகிறது. சென்னையில் ஒப்படைப்புக்கு முன் வீடுகளைச் சோதித்துத் தருவது என் வேலை. குடிவந்தபின் மக்களை அதிகம் அலைக்கழிப்பது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் கோளாறுதான் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அடுக்குமாடிகளில் பாத்ரூம் ஸ்லாபைப் பெரும்பாலும் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தில் பைப் ஓட்டி, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். சங்கன் ஸ்லாப் என்பது இதைத்தான். தரைத் தண்ணீர் வடிகிற ஜாலிக்கு அடியில் இருக்கும் நானி ட்ராப்பைச் சுற்றிச் சரியாக அடைக்காமல் விட்டாலோ, வாட்டர்புரூஃபிங் சுவரோரம் மேலே ஏறாமல் தரையோடு நின்றுவிட்டாலோ, குளிக்கிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஜல்லிக்குள் இறங்கித் தேங்கும். மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில், சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டையான ஸ்கர்ட்டிங்குக்குச் சற்று மேலே பெயின்ட் பொரியும். விரல் வைத்தால் வெள்ளையாக உப்பு உதிரும். அதற்குள் கீழ் வீட்டு சீலிங்கிலும் கறை படிந்திருக்கும். அதன் மேல் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் பயனில்லை, டைல்ஸைப் பெயர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. நானி ட்ராப்பை இறுக்கமாக அடைத்து, வாசற்படியைத் தாண்டாத அளவுக்குத் தண்ணீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு 48 மணி நேரம் விடுங்கள். ஆவியாவதில் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் இறங்கினால் கசிகிறது என்று அர்த்தம். மறக்காமல் கீழ் வீட்டுக்குப் போய் அந்த பாத்ரூமின் சீலிங்கையும் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். பில்டர் தரப்பில் அவசரப்படுத்துவார்கள். இரண்டு நாள் காத்திருப்பதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தண்ணீரை வெளியேற்றும்போதே வாட்டத்தையும் பார்த்துவிடலாம். 1 மீட்டருக்கு 1 செ.மீ. சரிவாவது வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் கம்மோடுக்குப் பின்னாலோ கதவோரத்திலோ தண்ணீர் நின்றால் வாட்டம் சரியில்லை.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ட்ராப்தான். அதற்குள் 50 மி.மீ. தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் காற்று ஏறாது. ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்துக்கொண்டே ஒருவரை ஃபிளஷ் பண்ணச் சொல்லுங்கள். 'குளுக்' என்று சத்தம் கேட்டு அந்தத் தண்ணீர் உறிஞ்சப்பட்டால், கழிவுக் குழாய்க்குள் காற்று போய்வர வைக்கும் வென்ட் பைப் இல்லை, அல்லது அடைத்திருக்கிறது.

கீஸரை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது. அதன் சேஃப்டி வால்வில் சூடாகும்போது சில சொட்டு விழுவது இயல்புதான். அந்தச் சொட்டு தொந்தரவாக இருக்கிறதென்று வால்வின் வாயில் டம்மி போட்டு அடைத்துவிடுகிற பிளம்பர்கள் உண்டு. தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் டேங்க் வெடிக்கலாம். டம்மியைக் கண்டால் சுவிட்சைப் போடவே விடாதீர்கள். கீஸரிலிருந்து போகும் சுடுதண்ணீர் லைனில் சாதாரண வெள்ளை யூபிவிசி பைப் இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். அது சூட்டில் இளகிவிடும். சூட்டைத் தாங்குவது வெளிர்மஞ்சள் நிற சிபிவிசிதான்.

சுவருக்குள் போகும் பைப்புக்கு டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே, அழுத்தம் கொடுத்துக் கசிகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்திருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கண்ட குறையை வாயால் சொல்லிவிட்டு வராமல், போட்டோவோடு தேதி போட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். கசிவு மூன்றாம் ஆண்டில் தலைகாட்டினாலும் இந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்தும்.