லிங்க்ஸ் என்றால் இணைப்பு அல்ல

யாழ்ப்பாணத்து மணற்காடு என்ற கடற்கரை ஊரில் குழிப்பந்தாட்டத் (கோல்ஃப்) திடல் ஒன்று அமைத்தால் எப்படியிருக்கும் என்று கற்பனையாக வரைந்து தம்பி ஒருவர் அனுப்பியிருந்தார். தலைப்பு, ‘யாழ்ப்பாண இணைப்பு மைதானம்’. கடலோர மணல்மேட்டில் அமைந்த திடலை ஆங்கிலத்தில் ‘லிங்க்ஸ்’ என்பார்கள்; அதைத்தான் இப்படித் தமிழாக்கியிருந்தார். விளையாட்டுச் செய்திகளில் இந்த ‘இணைப்பு மைதானம்’ கண்ணில் பட்டுப் பட்டு அலுத்தே போய்விட்டது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லிங்க்’ என்றால் மேடு, முகடு. ஸ்கொட்லாந்தில் அது கடலுக்கும் பயிர்நிலத்துக்கும் நடுவே புல் படர்ந்து கிடக்கும் மணல்மேட்டு நிலத்தின் பெயராயிற்று. சங்கிலிக் கண்ணியைச் சொல்லும் ‘லிங்க்’குக்கு வேர் வேறு. அவ்வளவுதான் சொல்வரலாறு.

“கடலையும் வயலையும் இணைக்கிற நிலம்தானே, இணைப்பு என்றால் என்ன பிழை?” என்று கேட்பவர்கள் உண்டு. அது பிறகு கட்டிய கதை. கதையை ஒப்புக்கொண்டாலும், இணைப்பு மைதானம் என்று வாசிக்கிறவருக்கு என்ன விளங்கும்? இரண்டு மைதானங்களை ஒன்றாக்கிவிட்டார்கள் என்று நினைப்பார். மணல் என்ற பேச்சே அந்தச் சொல்லில் இல்லை. லிங்க்ஸுக்கு உயிரே மணல்தான். மழைநீர் நில்லாமல் இறங்கும், தரை இறுகிக் கிடக்கும், பந்து விழுந்த பிறகும் வெகுதூரம் உருளும். மரம் குறைவு, காற்றே பெரிய தடை. ஸ்கொட்லாந்தின் சென்ற் அன்ட்ரூஸில் உள்ள பழைய திடலை யாரும் மேசையில் வைத்து வரைந்து தொடங்கவில்லை. காற்றும் ஆடும் ஆக்கிய நிலத்தில் மனிதர் விளையாடினார்கள். 22 குழி ஆட்டம் 1764இல் 18 ஆனதும் அங்கேதான்.

தம்பியின் படத்திலோ மேடெல்லாம் மட்டம், இரண்டு குளம், வரிசையாகத் தென்னை. பெயர் மணலைச் சொல்லியிருந்தால் இப்படி வரைந்திருப்பாரா? அந்தக் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. சோளகக் காற்றும் வாடைக் காற்றும் அதைக் குறுக்கே வெட்டும். மேடுகளை விட்டுவைத்துக் கரையோடு போய்த் திரும்பும்படி குழிகளை வைத்தால், போகும்போதும் வரும்போதும் பந்து பக்கவாட்டில் இழுபடும். அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் ஓரத்துக்குப் போதும். (மணல் அள்ளும் டிப்பர்கள் மிச்சம் வைத்தால்.)

‘கடற்கரைத் திடல்’ என்பதும் சரிவராது. கலிபோர்னியாவின் பெபிள் பீச் திடல் கடலோரம்தான், பெயரிலும் லிங்க்ஸ் இருக்கிறது. ஆனால் அது பாறைக்கரை. கொழும்பு பொரளையில் உள்ள திடலுக்கும் ரிட்ஜ்வே லிங்க்ஸ் என்றே பெயர், அங்கே கடலே இல்லை. ஆங்கிலேயரே சொல்லைத் தளர்த்திவிட்டார்கள். நாமும் தளர்த்த வேண்டுமா?

குறுந்தொகை 248இல் அடும்பு படர்ந்த மணற்கோடு நகர்ந்து வந்து நெடும்பனையைக் குட்டையாக்கிவிடும். ‘மணற்கோடு’ அச்சொட்டாக அந்த ஹ்லிங்க்தான். ஆனால் இன்றைய பிள்ளை அதை மணலில் கீறிய கோடு என்று எடுக்கும். மணல்மேட்டைச் சொல்லும் ‘எக்கர்’ இன்னும் அழகு. நிலத்தோடு சேர்த்து எழுதினால் எல்லோரும் ஏக்கர் என்று திருத்திவிடுவார்கள். மணற்குவியலைச் சொல்ல எங்கள் வாயில் ஏற்கெனவே இருப்பது மணற்கும்பி. தீவகத்தில் மண்கும்பான் என்று ஊரே இருக்கிறது. ‘மணற்கும்பித் திடல்’ என்று எழுதினால் கிழவிக்கும் விளங்கும். தமிழகத்தாருக்குக் கும்பி வயிறாகப் படுமென்றால் அவர்கள் மணல்மேட்டுத் திடல் என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்குச் சண்டையில்லை.

அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கத்தோடுதான் சண்டை. திடலில் உள்ள மணற்பள்ளத்தை ஆங்கிலத்தில் ‘பங்கர்’ என்பார்கள்; இதே ஆட்கள்தான் ‘பந்து பதுங்குகுழிக்குள் விழுந்தது’ என்றும் எழுதுகிறார்கள். காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகளால் உண்டான பள்ளங்கள் என்று சொல்வார்களே, அப்படியானால் பதுங்குகுழி சரிதானே என்று தம்பி மடக்கினார். கெட்டிக்காரன்தான். ஆனால் போர்க்காலத்தில் பங்கர் வெட்டி அதற்குள் பிள்ளைகளோடு இருந்த ஊரில், விளையாட்டுப் பக்கத்தில் அந்தச் சொல் வேண்டாம். மணற்குழி என்று எழுதுங்கள்.