தரை ஓவியம் ஏன் உரிகிறது?

பள்ளி முற்றத்தை ஊருக்கே பொதுவான பூங்காவாக்கும்போது எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது தரை ஓவியம். முதலில் பாழாவதும் அதுதான். பழி பெயின்ட்டின் மேல் விழும். கோளாறு பெரும்பாலும் தரைக்குள் இருக்கும்.

கான்கிரீட் முழுக்க நுண்துளைகள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அவற்றின் வழியேதான் வெளியேறுகிறது. பெயின்ட் படலம் அந்த வழியை அடைத்தால், ஈரம் அடியில் தேங்கி அதைக் கொப்புளமாகத் தூக்கும். கூடவே கரைந்து வரும் உப்பும் வெள்ளையாகப் பூத்துப் படலத்தை நெம்பும். புதுக் கான்கிரீட்டுக்குக் காரமும் அதிகம், அமில-கார அளவான பி.எச். 12-ஐத் தாண்டும். எண்ணெய் பெயின்ட் அடித்தால் இந்தக் காரம் அதைச் சோப்பாக மாற்றிவிடும். எனவே குறைந்தது 28 நாள் தளம் ஆறட்டும். பெயின்ட், தரைக்கென்றே செய்த, நீர் கலந்த அக்ரிலிக்காக இருக்கட்டும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரித்தால் அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் காய வேண்டும். கழுவிக் காய்ந்த தரையில் சில சொட்டு நீர் விட்டும் பாருங்கள். நீர் முத்தாக நின்றால் எண்ணெய்க் கறையோ பழைய பூச்சோ மிச்சம் இருக்கிறது. அதன்மேல் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது.

தார்த் தளத்தின் சிக்கல் வேறு. கரைப்பான் கலந்த பெயின்ட் தாரையே கரைத்து, பழுப்பு நிறத்தை மேலே இழுத்துவரும். வெயிலில் தார் இளகி அசையும்போது விறைப்பான படலம் வெடிக்கும். இங்கும் வளைந்துகொடுக்கும் அக்ரிலிக்தான் நல்லது.

அக்ரிலிக் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள். நீர் ஆவியாகும்போது மணிகள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகியதுபோல் இணைந்து படலமாகின்றன. தரை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அவை சரியாக இணையாமல் பொடியாக உதிரும். உச்சி வெயிலில் கொதிக்கும் தரையிலோ, மணிகள் துளைக்குள் இறங்கிப் பிடிக்கும் முன்பே நீர் போய்விடும். தடிமனாக ஒரே கோட் அடித்தால் மேலே தோல் கட்டி அடியில் ஈரம் நிற்கும். மெல்லிய இரண்டு கோட்டுகள் போதும். சொரசொரப்பான தரையில் லிட்டருக்கு ஒரு கோட் 5 முதல் 6 சதுர மீட்டர் வரும். அப்படியானால் 60 சதுர மீட்டர் ஓவியத்துக்கு, இரண்டு கோட்டுக்கும் சேர்த்து, 20 முதல் 24 லிட்டர் தேவை.

கடைசிக் கோட்டில் நுண் சிலிக்கா மணல் கலப்பதை விட்டுவிடாதீர்கள். மழை நனைத்த வழுவழுப்பான படலத்தில் ஓடும் குழந்தை நிச்சயம் வழுக்கும். மணல் வாளியின் அடியில் தங்கும் என்பதால் கிளறிக்கொண்டே அடிக்க வேண்டும்.

அடர் நிறங்கள் வெயிலை உறிஞ்சிக் காலைச் சுடும். அவற்றைக் கோடுகளுக்கு மட்டும் வைத்து, அகன்ற பரப்புக்கு வெளிர் நிறம் கொடுங்கள். ஆனாலும் மர நிழல் தரும் குளிர்ச்சியை வெளிர் நிறம் தராது. மரம் நிழல் விரிப்பதோடு, இலை வழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுக் காற்றையும் குளிர்விக்கிறது. அதனால் ஓவியத்துக்கு அளவெடுக்கும் முன்பே மரக்குழிகளின் இடத்தைக் குறித்து, அங்கே தளத்தை உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். பெயின்ட் காய்ந்தபின் உடைத்தால் விரிசல் ஓவியத்துக்குள்தான் ஓடும்.