கடைசி நூறு மீட்டர் எங்கே தொடங்குகிறது?

2012 ஜூலை 28, லண்டன் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் மெட்லி, அதாவது நான்கு பாணி நீச்சல், இறுதிப் போட்டியில் 300 மீட்டர் முடிந்தபோது அமெரிக்காவின் எலிசபெத் பைசெல்தான் முன்னால் இருந்தார். பாக்கி இருந்தது கைகளை மாறி மாறி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைல் நூறு மீட்டர். அந்த நூறு மீட்டரில் சீனாவின் யே ஷிவென் என்ற 16 வயதுப் பெண் அவரைப் பிடித்தார், தாண்டினார், ஏறக்குறைய 3 விநாடி முன்னதாகவே சுவரைத் தொட்டுவிட்டார். நேரம் 4 நிமிடம் 28.43 விநாடி. பழைய உலக சாதனையைவிட ஒரு விநாடிக்கும் மேல் குறைவு.

அந்தக் கடைசி 100 மீட்டருக்கு அவர் எடுத்துக்கொண்டது 58.68 விநாடி. அதிலும் கடைசி 50 மீட்டருக்கு 28.93. அதே நாளில் ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற ரயன் லாக்டீ கடைசி 50 மீட்டரை 29.10 விநாடியில் முடித்திருந்தார். ஒரு சிறுமி உலகின் தலைசிறந்த ஆண் வீரரைவிட வேகமாக நீந்திவிட்டாளா என்று மறுநாளே கேள்வி கிளம்பியது. ஊக்கமருந்து என்ற பேச்சும் கூடவே வந்தது. லண்டனில் நடந்த சோதனைகளில் யே தேறினார். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அந்த ஒப்பீட்டில் பாதி விஷயம்தான் இருந்தது. லாக்டீ அப்போது மூன்று விநாடிக்கும் மேல் முன்னணியில் இருந்தார், விரட்டுவதற்கு ஆள் இல்லை. முழுப் பந்தயத்தை எடுத்துக்கொண்டால் அவர் யேயைவிட 23 விநாடி வேகம். ஆண்கள் பந்தயத்திலேயே கடைசி 50 மீட்டரை யேயைவிட வேகமாக முடித்தவர்களும் இருந்தார்கள். என்றாலும் 58.68 சாதாரண எண் இல்லை. அதே லண்டனில் பெண்களின் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் 4 நிமிடம் 1.45 விநாடியில் வந்தது, அதாவது சராசரியாக நூறு மீட்டருக்கு 60 விநாடிக்குச் சற்று மேல். மூன்று வேறு பாணிகளில் 300 மீட்டர் நீந்திவிட்டு வந்த ஒருவர் அதைவிட வேகமாகப் போயிருக்கிறார். எப்படி முடிந்தது என்ற கேள்வி நியாயமானது. பதிலைக் கடைசி நூறு மீட்டரில் மட்டும் தேடினால் கிடைக்காது. முதல் முந்நூறில் போய்ப் பார்க்க வேண்டும்.

மெட்லியில் நான்கு பாணிகளையும் ஒருவரே நீந்த வேண்டும். முதலில் இரு கைகளையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃபிளை, அடுத்து மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக், அப்புறம் நம் தவளை நீச்சலின் உறவான பிரெஸ்ட்ஸ்ட்ரோக், கடைசியில் ஃப்ரீஸ்டைல். நான்கு பேர் சேர்ந்து நீந்தும் ரிலேயில் மட்டும் பேக்ஸ்ட்ரோக் முதலில் வரும். காரணம் எளிது. பேக்ஸ்ட்ரோக்கைத் தண்ணீருக்குள் இருந்தபடிதான் தொடங்க முடியும். முந்தைய வீரர் வந்து தொட வேண்டிய இடத்தை மறித்துக்கொண்டு அடுத்தவர் தொங்கிக்கொண்டிருக்க முடியாதே.

இனி தண்ணீரைப் பார்ப்போம். காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியான பொருள் அது. நீந்துபவரை அது பின்னுக்குத் தள்ளும் தடை, வேகம் கூடக்கூட வேகத்தைவிட விரைவாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும், அதைச் சமாளிக்க உடல் ஒவ்வொரு விநாடியும் தர வேண்டிய ஆற்றல் எட்டு மடங்காகும். சின்ன அளவிலும் இதே கணக்குதான். பட்டர்ஃபிளை நூறு மீட்டரை 62 விநாடியில் முடிக்கும் ஒருவர், ஆர்வக்கோளாறில் 61 விநாடியில் முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு விநாடி லாபம். அதற்காக அவர் விநாடிக்கு 5 சதவீதம் கூடுதல் ஆற்றலைக் கொட்டியிருப்பார். இன்னும் 300 மீட்டர் பாக்கி இருக்கும்போது அது பெரிய செலவு.

சீராகப் போவது ஏன் மலிவு என்பதும் இதிலிருந்தே புரியும். ஒருவர் பாதி நேரம் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்திலும், மீதி நேரம் 2 மீட்டர் வேகத்திலும் போகிறார். இன்னொருவர் முழு நேரமும் 1.5 மீட்டர் வேகத்தில் போகிறார். இருவரும் கடந்த தூரம் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் செலவழித்திருப்பார். ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வட்டி வாங்கிக்கொள்கிறது.

இந்த வட்டி அதிகம் விழுவது பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில்தான். நான்கில் மிக மெதுவானது அது. பெண்களின் 100 மீட்டர் உலக சாதனைகளைப் பாருங்கள்: 2017-இல் ஸ்வீடனின் சாரா ஹோஸ்ட்ரம் ஃப்ரீஸ்டைலில் எடுத்த நேரம் 51.71 விநாடி, அதே ஆண்டு அமெரிக்காவின் லில்லி கிங் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் எடுத்தது 64.13. பன்னிரண்டு விநாடிக்கு மேல் வித்தியாசம். ஃப்ரீஸ்டைலில் ஒரு கை தண்ணீரை இழுக்கும்போது மறு கை காற்றில் முன்னே வருகிறது, உந்துதல் அறுபடுவதே இல்லை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இரண்டு கைகளும் ஒன்றாக இழுத்து ஒன்றாகவே முன்னால் போகின்றன. உதைப்பதற்காகக் கால்களை மடக்கி உடலை நோக்கி இழுக்கும்போது தொடைகள் தண்ணீருக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிற்கும், வேகம் சட்டென்று விழும். பிறகு உதை, மறுபடி வேகம். ஒவ்வொரு வீச்சிலும் நின்று நின்று கிளம்பும் நகரப் பேருந்து போலத்தான் அது நகர்கிறது. உதைத்து முடித்தபின் கைகால்களை நீட்டி, உடலை அம்பு போல வைத்துக்கொண்டு வழுக்கும் அந்த ஒரு நொடியை எங்கே முடிப்பது என்பதில்தான் அந்தப் பாணியின் கலை முழுவதும் இருக்கிறது. சீக்கிரம் முடித்தால் வேகம் கைவசம் இருக்கும்போதே அடுத்த இழுப்புக்கு ஆற்றலைச் செலவழிக்கிறோம். தாமதித்தால் இழந்த வேகத்தைத் திரும்ப வாங்க வேண்டும்.

மெட்லிக்காரர்களுக்கு இது முக்கியம். மெதுவான பாணியில்தான் தண்ணீரில் அதிக நேரம் இருக்கிறார்கள். கூடவே அதில் ஒரு சலுகையும் இருக்கிறது. மற்ற பாணிகளில் உந்துதலின் பெரும்பங்கு கைகளிலிருந்தும் தோள்களிலிருந்தும் வரும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் கால்கள் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். பட்டர்ஃபிளையிலும் பேக்ஸ்ட்ரோக்கிலும் அடிவாங்கிய தோள்களுக்கு இங்கே சற்று ஆசுவாசம். அந்த நூறு மீட்டரைப் பதறாமல், வழுக்கலை வீணாக்காமல் நீந்தத் தெரிந்தவருக்கு ஃப்ரீஸ்டைல் வரும்போது கைகள் ஓரளவு புதிதாக இருக்கும்.

தசைக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். நாலரை நிமிடப் பந்தயத்தில் ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிஜனை வைத்து மெல்ல எரியும் வழியில் வருகிறது. அதற்கு மேல் தேவைப்படும்போது உடல் ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸை உடைக்கும் அவசர வழிக்குப் போகும். அது வேகமான வழி, ஆனால் கையிருப்பு கொஞ்சம்தான். அதிகம் புழங்கினால் தசையில் அமிலத்தன்மை ஏறிக் கைகள் கனக்கத் தொடங்கும். முதல் நூறிலேயே அதைக் கரைத்துவிட்டவர் கடைசி நூறில் எவ்வளவு மனவலிமை இருந்தாலும் முன்னேற முடியாது. கடைசிவரை பாதுகாத்து வைத்தவர், மற்றவர்கள் தேய்ந்துகொண்டிருக்கும்போது வேகம் கூட்டுகிறார். கரையிலிருந்து பார்க்கும் நமக்கு அவர் பறப்பது போலத் தெரியும். உண்மையில் பாதி, பக்கத்துத் தடத்துக்காரர் மெதுவாவதுதான்.

லண்டனில் யே செய்தது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். மூன்று நாள் கழித்து 200 மீட்டர் மெட்லியிலும் கடைசித் திருப்பத்தில் முன்னால் இருந்தவர் அவரில்லை. ஃப்ரீஸ்டைலில் மேலேறி வந்து 2 நிமிடம் 7.57 விநாடியில் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். முந்தைய ஆண்டு ஷாங்காய் உலகப் போட்டியில் 15 வயதில் அதே 200 மீட்டரில் தங்கம் வென்றதும் பின்னாலிருந்து வந்துதான். ஒரு நாள் அதிர்ஷ்டம் அல்ல, அவருடைய பந்தய முறையே அதுதான்.

திருப்பங்களையும் விட்டுவிடக் கூடாது. 50 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் மெட்லிக்கு மூன்றே திருப்பங்கள், மூன்றுமே பாணி மாறும் இடங்கள். பட்டர்ஃபிளையை இரு கைகளாலும் தொட்டு முடித்து, மல்லாந்தபடி சுவரை உதைக்க வேண்டும். பேக்ஸ்ட்ரோக்கிலிருந்து பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு மாறுவதுதான் பெரிய சிக்கல். சுவரைத் தொடும் கணம் வரை மல்லாந்தே இருக்க வேண்டும், கண்ணுக்குச் சுவர் தெரியாது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேல் கட்டியிருக்கும் கொடிகளைப் பார்த்து, அங்கிருந்து எத்தனை வீச்சு என்று எண்ணிக்கொண்டே போவார்கள். தொட்டதும் உடலைச் சுருட்டித் திருப்பிக் குப்புறக் கிளம்ப வேண்டும். ஒரு வீச்சு எண்ணிக்கை தவறினால் அரை விநாடி போய்விடும், அரை விநாடியில் பதக்கம் போய்விடும்.

சுவரை உதைத்தபின் தண்ணீருக்கு அடியில் போகும் தூரமும் தங்கம்தான். மேற்பரப்பில் நீந்தும்போது உடல் அலைகளை எழுப்புகிறது, அந்த அலைகளை உண்டாக்குவதற்கும் ஆற்றல் செலவாகிறது. அரை மீட்டருக்குமேல் ஆழத்தில் இந்தச் செலவு பெரிதும் குறைந்துவிடும். அதனால்தான் இரு கால்களையும் சேர்த்து அடிக்கும் டால்ஃபின் உதையோடு ஆழத்திலேயே வழுக்குகிறார்கள். எல்லோரும் குளம் முழுக்க அடியிலேயே போய்விடக் கூடாது என்று பட்டர்ஃபிளை, பேக்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல் மூன்றுக்கும் 15 மீட்டர் வரம்பு வைத்திருக்கிறார்கள். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் விதி இன்னும் கறார்: அடியில் ஒரு நீண்ட இழுப்பு, ஒரு டால்ஃபின் உதை, ஒரு தவளை உதை, அவ்வளவுதான், பிறகு மேலே வந்தாக வேண்டும்.

யே பிறந்தது 1996-இல், ஹாங்ஜோவ் நகரில். கைகள் பெரிதாக இருப்பதைக் கவனித்த மழலையர் பள்ளி ஆசிரியர் ஒருவர் நீச்சலுக்கு அனுப்பச் சொன்னதாகச் சீன ஊடகங்கள் எழுதின. ஆறு வயதில் பயிற்சி தொடங்கியது. பெரிய கை என்றால் ஒவ்வொரு இழுப்பிலும் பிடிக்கும் தண்ணீர் அதிகம், அதே வேகத்துக்குக் குறைந்த வீச்சுகள் போதும். 2010-இல் குவாங்ஜோவ் ஆசிய விளையாட்டில் 14 வயதில் இரண்டு மெட்லி தங்கங்கள். அடுத்த ஆண்டு உலகத் தங்கம், அதற்கடுத்த ஆண்டு இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள், டிசம்பரில் இஸ்தான்புல் குறுங்குள (25 மீட்டர் குளம்) உலகப் போட்டியில் இன்னொன்று. 17 வயது ஆவதற்குள் வெல்ல வேண்டியதையெல்லாம் வென்றாயிற்று.

அப்புறம் சரிவு. 2013 பார்சிலோனா உலகப் போட்டியில் ஒரு பதக்கம்கூட இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் இறுதியில் எட்டாம் இடம், 400 மீட்டரில் முதல் சுற்றையே தாண்டவில்லை. அவருடைய லண்டன் 400 மீட்டர் சாதனையை அங்கேதான் ஹங்கேரியின் கத்திங்கா ஹோசூ இரண்டு விநாடிக்கும் மேல் முறியடித்தார். பதின்ம வயதில் கொடிகட்டிப் பறந்த பெண் நீச்சல் வீரர்கள் பலருக்கு இந்த இறக்கம் வருகிறது. 14 வயது உடலுக்கும் 20 வயது உடலுக்கும் தண்ணீரில் நடத்தை வேறு. தோளும் இடுப்பும் அகலமானால் தண்ணீரை எதிர்கொள்ளும் பரப்பு கூடுகிறது. எடை பரவும் விதம் மாறினால் மிதக்கும் கோணம் மாறுகிறது, கால்கள் சற்றே தாழ்கின்றன. பழைய உடலுக்காகப் பத்தாண்டு பழகிய வீச்சை புதிய உடலுக்காகத் திரும்பப் பழக வேண்டும். ஒரு பாணிக்காரருக்கு இது ஒரு வேலை. மெட்லிக்காரருக்கு நான்கு. இதை நினைத்தால், "அந்தப் பெண் லண்டனோடு முடிந்துவிட்டாள்" என்று எழுதியவர்கள் மேல் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

அவர் முடிந்துவிடவில்லை. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். 2019-இல் தென்கொரியாவின் குவாங்ஜு உலகப் போட்டிக்குத் திரும்பி வந்து 200, 400 இரண்டு மெட்லிகளிலும் வெள்ளி வென்றார். இரண்டிலும் தங்கம் ஹோசூவுக்கு. 400 மீட்டரில் யேயின் நேரம் 4 நிமிடம் 32.07 விநாடி. லண்டனைவிட மூன்றரை விநாடிக்குச் சற்று மேல் கூடுதல். ஆனால் இது வளர்ந்து முடிந்த ஒரு பெண்ணின் உடல் புதிதாகக் கற்று நீந்திய நேரம்.

2023-இல் ஆசிய விளையாட்டு அவருடைய சொந்த ஊரான ஹாங்ஜோவிலேயே நடந்தது. அப்போது அவருக்கு 27 வயது. குவாங்ஜோவில் முதல் தங்கம் வென்று பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த முறை அவர் தங்கம் வென்றது மெட்லியில் அல்ல. 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில்.